பதினேழாம் நம்பர் புல்

எங்கள் மேய்ச்சல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்குச் சட்டக்காரர் என்று பெயர். கோர்ட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சட்டம் ஒன்றை இருபத்தாறு வருஷமாகத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தார், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு அதை வீசுவார். விழுந்த இடத்தில் மண்டியிட்டு, சட்டத்துக்குள் எத்தனை நாற்று பிழைத்திருக்கிறது என்று எண்ணுவார். வளர்ந்தபின் அதே அளவுக்கு அறுத்துப் பையில் போட்டு என்னிடம் தருவார். நான் காயவைத்து எடை போடுகிறவள். அவர் எண்ணியதும் நான் நிறுத்ததும் சேர்ந்ததுதான் அறிக்கை. ஆகவே இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மண் உப்பும் சரளையும். எங்கிருந்தெல்லாமோ விதை வரும். விதைப்போம், முளைக்கும், நாற்பதாம் நாள் கருகும். அவர் பூஜ்யம் பூஜ்யமாக எழுதிக்கொண்டே வருவார். "முட்டை போடுறதுக்குன்னே என்னை வேலைக்கு வச்சிருக்காங்கம்மா" என்பார். மனுஷர் சிரித்தது அந்த ஒரு ஜோக்குக்குத்தான்.

அவருக்கு அம்மா இல்லை. அக்காதான் வளர்த்தாள். ஆறு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அப்பாவோடு ஆடு மேய்த்துப் படிக்கவைத்தவள். இப்போதும் பண்ணைக்குப் பக்கத்திலேயே எண்பது ஆட்டோடும் நாற்பது ஏக்கர் முள்புதரோடும் இருந்தாள். ஒவ்வொரு கோடையிலும் பத்துப் பதினைந்து ஆடு செத்துப்போகும். அக்காவின் ஆடு சாகாமல் இருக்க ஒரு புல் கிடைக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அப்போதுதான் பதினேழாம் நம்பர் வந்தது. தாமதமாக வந்தது. மற்ற பதினாறு புல்லுக்கும் சீட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம் தள்ளித் தள்ளி ஒதுக்கியாகிவிட்டது. மிச்சம் இருந்தது வடக்கு மூலை மட்டும். "மூணு பாத்தியையும் அங்கேயே போட்டுடுங்க" என்றார் அதிகாரி. போட்டோம்.

கருகவில்லை. சட்டத்துக்குள் இருபத்துமூன்று நாற்று. எடை ஊர்க் காட்டுப்புல்லைப்போல நாலு மடங்கு. தராசைத் தட்டிப் பார்த்தேன். "தராசு கெட்டுப்போச்சாண்ணா?" என்று கேட்டால், "வாயைக் கழுவு. இன்னொரு தடவை போடு" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர். மூன்று வருஷமும் அப்படியே வந்தது.

முதல் விதை மூட்டைகளை அதிகாரியிடம் கேட்டு வாங்கி அக்காவுக்குக் கொடுத்தார். பழைய புதரை உழுது எடுத்துவிட்டு வெறும் மண்ணில்தான் விதைக்க வேண்டும். அக்கா தயங்கினாள்.

"அந்த முள்ளுதாண்டா கோடையில என் ஆட்டுக்கு உசுரு."

"அக்கா, மூணு வருஷம் மண்டி போட்டு எண்ணியிருக்கேன். என்மேல நம்பிக்கை இல்லையா?"

இப்படிக் கேட்டால் எந்த அக்காதான் மாட்டேன் என்பாள்? நாற்பது ஏக்கரையும் உழுதுவிட்டாள்.

மழை அந்த வருஷம் குறை வைக்கவில்லை. முளைத்தது. நாற்பதாம் நாள் கருகியது. நானும் அவரோடு போயிருந்தேன். அறுபது முறை சட்டத்தை வீசினார். அறுபது முறையும் மண்டியிட்டார். ஒரு நாற்று இல்லை. அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பண்ணையில நல்லா வந்துச்சேக்கா" என்றார்.

"எந்தப் பக்கம் போட்டீங்க?"

"வடக்கு மூலையில."

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அங்கதானடா அப்பா முப்பது வருஷம் ஆட்டுப்பட்டி போட்டிருந்தாரு. தோண்டினா முழங்கால் ஆழத்துக்குப் புழுக்கையா இருக்கும். அங்க செருப்பை நட்டாலும் முளைக்கும்."

"ஏன்க்கா சொல்லல?"

"யாருடா கேட்டா? நீ ஆறு வயசுலயே விடுதிக்குப் போயிட்ட, திரும்பி வர்றதுக்குள்ள பண்ணை வந்துடுச்சு. வேலி போட்ட பிறகு எங்களை உள்ளேயே விடலையே."

அவர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். படித்தவர்கள் எத்தனை பேர் இருந்தோம், மண்ணின் கதையை ஒரு கிழவியிடம் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெட்கக்கேடு.

மறுநாள் அதிகாரியின் அறைக்கு இருவரும் போனோம். அதிகாரி கெட்டவர் இல்லை, பயந்தவர். "அறிக்கை மேல போயாச்சு. ஊருக்கெல்லாம் விதை கொடுக்கச் சொல்லிப் பரிந்துரையும் வந்தாச்சு. திரும்பச் சோதிக்கணும்னா இன்னும் மூணு வருஷம். ஒரு நிலத்துல வரலைன்னா அது ஒரு நிலம்தான்" என்றார். சட்டக்காரர் மேசையில் அடித்தார். "நம்பினவ கழுத்தை அறுத்துட்டேன் சார்! ஊரையே அறுக்கச் சொல்றீங்களா?" அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேய முள்ளும் இல்லை, புல்லும் இல்லை. கோடை பாதி தாண்டுவதற்குள் அக்கா மிச்ச ஆடுகளை லாரியில் ஏற்றி அனுப்பினாள். தம்பியை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனுஷர் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்.

விதை வழங்கும் நாளில் மேய்ச்சல்காரர்கள் வண்டிகளோடு வந்து நின்றார்கள். அவர் வாசலை மறித்து ஒவ்வொருவரிடமும் சொன்னார். "வேண்டாங்க. புதரை அழிக்காதீங்க. இது உங்க மண்ணுல வராது. எங்க அக்கா நிலத்தைப் போய்ப் பாருங்க."

முன்னால் நின்றவர் சிரித்தார். "பார்க்காம என்ன? முதல் மூட்டை எல்லாம் உங்க அக்கா வீட்டுக்குத்தானே போச்சு? இப்ப ஆட்டையும் வித்துட்டாங்க. விதை விக்கிற யாவாரமா? ஊருக்குக் கிடைக்கக் கூடாதுன்னு இப்படி ஒரு நாடகம்."

"சத்தியமாச் சொல்றேன்…"

"தள்ளுய்யா."

யாரோ அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். சுவரோரம் விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்தேன். நானும் தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. மத்தியானத்துக்குள் நூற்றிருபது மூட்டையும் போய்விட்டது. சாயங்காலம் சுற்றிலும் எல்லா நிலத்திலும் உழவு வண்டிச் சத்தம் கேட்டது.