இனித்த ரசம்

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் பக்கத்து வீட்டு எலெனி சைப்ரஸ்காரி. எங்களைப் போல அவளும் யுத்தத்தில் ஊரை விட்டு ஓடி வந்தவள்தான். போன வருஷம் தான் பிறந்த வீட்டைப் பார்க்கப் போனாள். இப்போது அங்கே இருப்பவர்கள் கதவைத் திறக்கவில்லையாம். வேலிக்கு வெளியே விழுந்து கிடந்த காய்ந்த நெற்றுகளைப் பொறுக்கி வந்து, "எங்கட மரம்" என்று பாதியை எனக்குத் தந்தாள்.

புளியம்பழம் என்றுதான் நினைத்தேன். யாழ்ப்பாணத்தாளுக்கு வேறென்ன தோன்றும்? சில வாரம் கழித்து வீட்டில் புளி முடிந்துபோக, அவ்வளவையும் உடைத்துச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்து ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்த என் மனுசன், "என்னப்பா, ரசம் இனிக்குது!" என்றார்.

எலெனியிடம் ஓடினேன். அது கரோப் என்றாள். சைப்ரஸ் தீவில் தானாக வளரும் மரமாம், இனிப்பான அதன் நெற்றை அப்படியே கடித்துத் தின்பார்களாம்.

"எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டன்" என்று அழுதேன்.

"கொட்டையள் எங்க?" என்றாள்.

இருவருமாக எங்கள் வீட்டுக் குப்பை வாளியைக் கிளறினோம். கல்லுப்போல இருந்த கொட்டைகள் ஊறி வீங்கியிருந்தன. தன் பங்குக் கொட்டைகளை ஊறவைக்காமல் நட்டதில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, எல்லாவற்றையும் பொறுக்கி என் பூச்சாடியில் புதைத்தாள்.

ஒன்றே ஒன்று முளைத்தது. இலை விட்டதும் அவளிடம் தூக்கிக்கொண்டு போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"உன்ர வீட்டிலயே நிக்கட்டும். நான் வந்து தட்டினால் நீ திறப்பாய்தானே?"

அடுத்த நாள் எங்கள் வீட்டுச் சாவிக்கு நகல் ஒன்று செய்வித்து அவள் கையில் கொடுத்தேன்.