மிஸ்டர் அயாக்கைத் தேடிய ஐஸ்காரன்

என் தங்கை புருஷன் ஆர்லோ டில்மனைப் பற்றி மார்ல்டனில் இன்று யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். அந்த நல்ல மனுஷன் ஏன் ஊரைவிட்டுப் போனான் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் காது மந்தமாகிவிடும். எனக்குக் காதும் நன்றாகக் கேட்கிறது, வாயும் சும்மா இருக்காது. அதனால் நான் சொல்கிறேன்.

ஆர்லோ ஐஸ்காரன். சொந்தக் குதிரை, சொந்த வண்டி. அப்போது ஃப்ரிட்ஜ் வரவில்லை, அமெரிக்காவில் எங்கள் இந்தியானா மாநிலத்தில் வீட்டுக்கு வீடு, ஐஸ்கட்டியை உள்ளே வைக்கும் ஐஸ்பெட்டிதான். ஐஸ் வேண்டியவர்கள் தெருப் பக்கத்து ஜன்னலில் அவன் கொடுத்த மஞ்சள் சதுர அட்டையை மாட்டி வைப்பார்கள். அதன் நாலு ஓரத்திலும் இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என்று எண்கள் இருக்கும். எத்தனை பவுண்டு வேண்டுமோ அந்த எண் மேலே வரும்படி திருப்பிவிட்டால் போதும், ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. ஆர்லோ வண்டியில் இருந்தபடியே படித்துவிட்டு, கட்டியை இடுக்கியால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்குள் போய்விடுவான். யாரும் கதவைப் பூட்டுவதில்லை.

வாயில் கேள்வி இல்லாமல் அவனுக்கு ஒரு வீட்டுக்குள் நுழையத் தெரியாது. முதுகுவலி தேவலையா, பையன் கடிதம் போட்டானா, அடுப்பில் என்ன வாசனை என்று கேட்டுக்கொண்டே ஐஸை இறக்குவான். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்ல மாட்டான். ஊரில் தனக்குத் தெரியாத வீடே கிடையாது என்று அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவன் பிறந்தது மெதடிஸ்ட் என்னும் புராட்டஸ்டண்ட் பிரிவுக் குடும்பத்தில். நாங்கள் பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி ஊத வந்தவரின் பெண்கள், கத்தோலிக்கர். அவன் என் தங்கை ரோஸலியை எங்கள் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டபோது அவன் பக்கத்திலிருந்து அண்ணன் வெர்ன் ஒருவன்தான் வந்தான். வெர்னுக்குக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. அவன் உள்ளே வரவில்லை, கோயில் வாசலிலேயே நின்றான். ஆனாலும் வந்தானே என்று ஆர்லோ அதைப் பல வருஷம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். நானும் அவர்களோடு அதே வீட்டில்தான் இருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று வசந்தத்தில், ரயிலடியில் ஆர்லோ குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது நல்ல கோட்டுப் போட்ட வெளியூர்க்காரர் ஒருவர் அவனிடம் வந்தார். இங்கே மிஸ்டர் அயாக்கைத் தெரியுமா என்று கேட்டார். ஆர்லோ முழித்தான். அப்படி ஒருவர் இருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காதே, விசாரித்து வைக்கிறேன் என்றான். அந்த ஆள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அது ஆர்லோவை உறுத்திவிட்டது. தனக்குத் தெரியாத ஒரு வீடு ஊரில் இருக்கிறது. ரோஸலி, ஹங்கேரிக்காரனாக இருக்கும், கண்ணாடித் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருப்பான் என்றாள். மறுநாளிலிருந்து போகிற வீட்டிலெல்லாம் முதுகுவலிக்குப் பதில் இதைத்தான் கேட்டான்.

பாதிப் பேர், யார் அது என்றார்கள். மீதிப் பேர் நடந்துகொண்ட விதம்தான் விசித்திரம். டாக்டர் ப்ரென்னமன் நாளிதழைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து இடது கையை நீட்டிக் குலுக்கினாராம். "தெரியும். மிஸ்டர் அகாயையும் தெரியும்" என்று சொன்னாராம். மாவுமில்காரர் அதையே சொன்னார். பாங்கு காசாளர் சொன்னார். மெதடிஸ்ட் பாதிரியாரும் இடது கையை நீட்டித்தான் சொன்னார். வீடு எங்கே என்று கேட்டால் மட்டும் எல்லோரும் கண்ணடித்தார்கள்.

"ரெண்டு குடும்பம் வந்திருக்கு, அக்கா. அயாக், அகாய்னு. எவ்வளவு நல்ல ஊர் பாருங்க, வெளிநாட்டுக்காரன்னு பாக்காம பெரிய மனுஷங்க எல்லாரும் பழகி வெச்சிருக்காங்க."

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த இரண்டு வீட்டுக்கும் கொடுக்க இரண்டு புது அட்டைகளைக்கூட வண்டியில் எடுத்து வைத்திருந்தான். கடைசியாக அண்ணன் கடையில் போய்க் கேட்டான். வெர்ன் அவனை வெகுநேரம் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, அதே பதிலைச் சொல்லி, இடது கையை நீட்டினான். அப்படியே தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எப்போ சேர்ந்தே என்றானாம்.

"எதுல அண்ணே?" என்றிருக்கிறான் ஆர்லோ.

வெர்ன் கையை எடுத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியாரிடம் நான் கேட்டேன். அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, இது க்ளான் என்ற ரகசியக் கூட்டத்தின் பாஷை என்று விளக்கினார். "நீ க்ளான்காரனா" என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஆர் யூ எ க்ளான்ஸ்மன், நாலு சொல். அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அயாக். "க்ளான்காரன்தான் நான்" என்பதற்கு எ க்ளான்ஸ்மன் ஆம் ஐ, அதன் முதலெழுத்துகள் அகாய். இடது கைக் குலுக்கலும் அவர்களுடைய அடையாளம். உறுப்பினர் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்துகொள்ளும் ரகசியக் கேள்வியை ஆர்லோ ஊர் முழுக்க, சமையலறை சமையலறையாக, ஐஸ் சொட்டச் சொட்டக் கேட்டு வந்திருக்கிறான்.

அந்தக் கூட்டத்துக்கு அது மறுபிறவி. அடிமைகள் விடுதலையான யுத்தத்தில் தோற்ற தெற்கத்தி ஆட்கள், கறுப்பர்கள் ஓட்டுப் போடக் கூடாதென்று முகமூடி போட்டுக்கொண்டு கொன்று திரிந்தார்களே, அது முதல் பிறவி. அரசாங்கம் அடக்கியது. பாதி நூற்றாண்டு கழித்து ஜார்ஜியாவில் மறுபடி முளைத்து எங்கள் வடக்குப் பக்கம் வந்தபோது பகைவர் பட்டியலை நீட்டிக்கொண்டது. கறுப்பர் மட்டுமல்ல, கத்தோலிக்கர், யூதர், கப்பலில் வந்து இறங்கியவர் எல்லோரும் பகை. போப்பாண்டவர் ஒற்றர்களை வைத்து அமெரிக்காவைப் பிடிக்கப் போகிறார் என்று படித்தவர்களே நம்பினார்கள். வெளிக்குப் பார்த்தால் பைபிள், பாண்டு வாத்தியம், குடும்பத்தோடு புல்வெளி விருந்து. இரண்டு வருஷம் கழித்து எங்கள் மாநிலத்துக் க்ளான் தலைவன் ஒரு பெண்ணின் சாவுக்காக ஜெயிலுக்குப் போனதும், எல்லோரும் க்ளானின் வெள்ளை அங்கியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். ஆனால் நான் சொல்வது அதற்கு முன்னால்.

முதலில் கடை ஜன்னல்களில் மூன்று எழுத்துப் போட்ட அட்டைகள் வந்தன. க்ளான்காரரிடமே வாங்கு என்று அர்த்தம். வெர்ன் கடையிலும் ஒன்று தொங்கியது.

பிறகு ரயில் பாதையோரம் இருந்த டான்டி குடும்பம் காணாமல் போனது. ஏமஸ் டான்டி ரயிலடியில் பெட்டி தூக்குகிறவர், அவர் மனைவி வீடுகளுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பாள். எங்கள் ஊரில் இருந்த ஒரே கறுப்பர் குடும்பம். ஜன்னலில் இருபத்தைந்து என்று அட்டை இருந்தது. ஆர்லோ ஐஸோடு உள்ளே போனால் அடுப்பு ஆறிக் கிடந்தது, மேசையில் சாப்பிட்ட தட்டுகள் அப்படியே இருந்தன. எங்கே போனார்கள் என்று அவன் தெருவில் கேட்டான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அவனுக்குப் பயம் வந்தது என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் எங்கள் முறை. முதலில் டாக்டர் வீட்டு ஜன்னலில் அட்டை இல்லை. பிறகு பாதிரியார் வீட்டில் இல்லை. அந்த வாரம் மேப்பிள் தெரு முழுக்க இல்லை. ஆர்லோ வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வெறும் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போவான். திரைச்சீலை அசையும், முகம் தெரியாது. வெயில் ஏற ஏற ஐஸ் உருகி, வண்டிக்குப் பின்னால் தெரு நெடுக ஈரக்கோடு விழும். தொழிற்சாலையில் விளக்குக் கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்த என்னையும் இனி வர வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டேன், மேஸ்திரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் நானும் ரோஸலியும் கடைக்குப் போய்த் திரும்பி வந்தோம். எதுவும் திருட்டுப் போகவில்லை. ஆனால் சமையலறையில் மாட்டியிருந்த மாதா படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான். ரோஸலி வெர்ன் கடைக்குப் போகாமல் பக்கத்து ஊருக்கு நடந்து போய்ப் பூட்டு வாங்கி வந்தாள். டொலிடோவில் மாமா வீட்டுக்குப் போய்விடலாம் என்று அன்றைக்குத்தான் முதலில் கேட்டாள். ஆர்லோ, இது என் ஊர் என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வெர்ன் வந்தான். இந்த முறையும் உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான்.

"நீ யாருக்காக வீடு வீடாப் போய் எங்க ஆளுங்களை எண்ணினேன்னு கேக்கறாங்க தம்பி. போப்பாண்டவரோட ஆளுன்னு பேசிக்கிறாங்க."

"நான் ஐஸ் போடறவன் அண்ணே. ஒருத்தர் வீடு கேட்டாரு, தேடினேன்."

"எனக்குத் தெரியும்டா."

"அப்ப நீ சொல்லேன் அவங்ககிட்ட."

வெர்ன், சனிக்கிழமை ஊர்வலம் இருக்கிறது, அதில் நட என்றான். மறுநாள் ரோஸலி மெதடிஸ்ட் கோயிலில் எல்லோர் முன்னாலும் வந்து உட்காரட்டும், அதோடு முடிந்தது என்றான். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றேன் பாருங்க, அது உங்க நல்லதுக்குத்தான்."

ஆர்லோ ரோஸலியைப் பார்த்தான். பிறகு அண்ணனிடம், "ஜன்னல்ல ஒரு அட்டை இருக்கிற வரைக்கும் என் வண்டி ஓடும்" என்றான். 

சனிக்கிழமை பட்டப்பகலில் வந்தார்கள். முரசு மட்டும் ஒலித்தது, பாட்டு இல்லை, பேச்சு இல்லை. வெள்ளை அங்கி, கூம்புத் தொப்பி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தெரு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெள்ளை. எங்கள் வீட்டெதிரே வந்ததும் முரசு நின்றது. எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பி நின்றார்கள். ரோஸலி என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்துவிட்டது.  அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது, முன்வரிசையில் ஒருவன் மடங்கி விழுந்தான்.

அவர்களில் ஒருவரும் அசையவில்லை. ஆர்லோதான் உள்ளே ஓடி எங்கள் ஐஸ்பெட்டியில் இருந்ததை உடைத்து அள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனான். முட்டி போட்டு உட்கார்ந்து, முகத்துணியை மேலே தூக்கி, கழுத்திலும் நெற்றிப்பொட்டிலும் ஐஸை வைத்துப் பிடித்தான். வெர்ன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து தம்பி முகத்தைப் பார்த்தான்.

"துணியை இறக்கி விடு. பாக்கறாங்க."

ஆர்லோ துணியை இறக்கிவிட்டான். இரண்டு பேர் வெர்னைத் தூக்கி நிறுத்தினார்கள். முரசு மறுபடி தொடங்கியது, அவர்கள் நடந்து போனார்கள். ஆர்லோ கையில் மிச்ச ஐஸோடு தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வண்டியில் நானும் போனேன், அவனைத் தனியே அனுப்ப எங்களுக்கு மனசில்லை. ஒரு ஜன்னலிலும் அட்டை இல்லை. வெர்ன் வீட்டுக்கு வந்ததும் ஆர்லோ சட்டென்று கடிவாளத்தை இழுத்தான். ஜன்னலில் அட்டை இருந்தது. ஐம்பது.

"பாத்தீங்களா அக்கா" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. இருப்பதிலேயே தெளிந்த கட்டியாகத் தேடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். வெர்னின் மனைவி ஐனா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ்பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே ஐஸ் நிறைந்திருந்தது.

ஐனா தலை நிமிராமலே சொன்னாள். "அது உன் அட்டை இல்ல ஆர்லோ. உன்னுது மஞ்சள். அது நீலம்."

பக்கத்து மாவட்டத்திலிருந்து புது ஐஸ்காரன் வரத் தொடங்கியிருந்தான். அவன் வண்டிப் பலகையில் அந்த மூன்று எழுத்து இருக்கும், பிற்பாடு பார்த்தேன். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை ஆர்லோ. அண்ணன் வீட்டு ஜன்னலில் அட்டையைப் பார்த்ததும் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கட்டியை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்குத் திரும்புவான் என்று நினைத்தேன். வண்டியை ரயில் பாதைப் பக்கம் விட்டான். டான்டி வீட்டு ஜன்னலில் அந்த மஞ்சள் அட்டை அப்படியே இருந்தது, இருபத்தைந்து. ஊரிலேயே அவனைக் கூப்பிட்ட அட்டை அது ஒன்றுதான். கட்டியிலிருந்து இருபத்தைந்து பவுண்டு அளவாக உடைத்தான். ஆள் இல்லாத வீட்டுக்குள் கொண்டுபோய் ஐஸ்பெட்டியில் வைத்தான், கதவைச் சாத்தினான், ஈரமான தரையைத் துடைத்தான். எனக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. 

மறுநாள் காலை நேரே அங்கேதான் போனோம். ஜன்னல் கண்ணாடி உடையவில்லை. மேசையில் தட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அட்டை மட்டும் இல்லை.

ஆர்லோ வண்டியை விட்டு இறங்காமல் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து நம்ம பின்னாலயே யாரோ வந்திருக்காங்க, அக்கா."

பிறகு கடிவாளத்தை எடுத்தான்.

"ரோஸலிகிட்ட சொல்லுங்க. கிளம்பலாம்."