மார்பில் கட்டிய மல்லிகை

நீலக் கரை போட்ட அந்த எனாமல் கோப்பையை நான் இன்னும் வீசவில்லை. வீசிவிட நினைத்தது ஒரு தடவையா, இரண்டு தடவையா! தலைப்பிள்ளை பெற்று, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறையில் படுத்திருந்த எனக்கு, நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்த கோப்பை அது. ரேஷன் கூப்பனுக்குக்கூட அரிசி ஒழுங்காகக் கிடைக்காத காலம். அண்ணி இரத்தோட்டை டவுனுக்கு இறங்கிப் போய், பால் சுரக்கச் சாத்தாவாரிக் கிழங்கு வாங்கி வருவார். அதைத் தோலுரித்து இடித்து, பூண்டும் வெந்தயமும் சேர்த்து, கைப்பிடி அரிசியில் கஞ்சி காய்ச்சுவார். "ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது. நீ குடிச்சாத்தான் புள்ளைக்கு ஊறும்" என்று நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பார். தாயில்லாத எனக்கு அவர்தான் தாய் என்று தோட்டமெல்லாம் சொல்லித் திரிந்தேன். என்ன ஏமாளி நான்!

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அவருக்கும் அவர் புருஷனுக்கும் ஒப்பந்தப்படி இந்தியா போகும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. நாங்கள் இலங்கையிலேயே தங்குகிறவர்கள். என் மகளைத் தன்னோடு அனுப்பச் சொல்லி அவர் கேட்டபோது, அக்காவின் முகத்தைப் பார்த்து என் கணவர் தலையாட்டினார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். "பால் குடிக்கிற புள்ளைய எப்படிங்க பிரிக்கிறது?" என்றேன். "சரி, பால் மறக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்று என் கணவர் பேச்சை முடித்தார். அந்தப் பால்தான் அப்போது எனக்கிருந்த ஒரே பிடி.

கொழுந்து பறிக்கத் திரும்பிய வாரம் பால் கட்டி மார்பு வலித்தது. அண்ணி கோயிலடியில் மல்லிகைப் பூ பறித்து வந்து, மார்பில் வைத்துப் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினார். "வலி கேக்கும், தெனமும் கட்டு" என்றார். கட்டினேன். வலியும் போனது. பிறகு பிள்ளை சப்பிச் சப்பி அழத் தொடங்கியது. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் பால் கொடுக்க உட்கார்ந்தபோது, அங்கிருந்த ஆயாதான் பூவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏன் தாயி, பால நிறுத்தப் போறியா? மல்லிப்பூ கட்டினா வத்திப்போகும்னு ஒனக்கு யாரும் சொல்லலியா?"

ஓடிப்போய்க் கேட்டேன். அண்ணி மறுக்கவில்லை. "புட்டிப்பாலுக்குப் பழகட்டும்னுதான்" என்றார். அண்ணியும் அவர் புருஷனும் போகும் பாஸ்போர்ட்டில் பிள்ளையின் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் ஊட்டிய கஞ்சியெல்லாம் எனக்காக அல்ல. தன் பிள்ளையை என்னிடம் விட்டு வளர்த்திருக்கிறார். நானே கிழங்கு இடித்துக் குடித்துப் பார்த்தேன். போன பால் வரவில்லை. மாத்தளை ரயில் நிலையத்தில் என் மகள் அவர் தோளில் தூங்கியபடியே போனாள். புறப்படும் அவசரத்தில் கோப்பையை மட்டும் என் அடுப்படியில் விட்டுப் போனார்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வாரம் இந்தியாவிலிருந்து என் மகளின் கடிதம் வந்தது. "அத்தை, எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மா தினமும் கிழங்குக் கஞ்சி வைத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு நான் அத்தைதான். பெற்றவள் நான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோப்பையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு பதில் எழுதினேன். எழுத நினைத்ததை எல்லாம் எழுதவில்லை.

"கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடி, மகளே. அம்மா மல்லிகைப் பூ கொண்டுவந்தால் தலையில் மட்டும் வை."