கல்லறைத் தோட்டத்தில் முயல்

ஜெபாவுக்குக் கோபம் வந்தால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியே அடங்கிப்போகும். மோல்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. கையுறை கொடுக்காமல் சூடான அச்சைத் தொடச் சொன்ன சூப்பர்வைசரை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்டவள். ஆனால் சர்ச்சில் அவள் குரல் உயர்ந்ததை முயல் வந்த அந்த ஈஸ்டர் வரைக்கும் யாரும் கேட்டதில்லை.

அவள் கணவன் எட்வர்ட் இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவன். ஒரு பிப்ரவரியில் உலை வெடித்தது. பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். திறந்து பார்க்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

சில வாரங்களில் ஈஸ்டர் வந்தது. அன்று விடிவதற்கு முன் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவது அவர்கள் சபையின் வழக்கம். இன்னும் இறுகாத மண்மேட்டின் முன்னால் ஜெபா நின்றாள். இயேசுவின் உடலைத் தேடி விடியலில் போன பெண்களைப் பற்றிப் போதகர் வாசித்தார். அவர்களும் அழுதுகொண்டுதான் போயிருக்கிறார்கள். போன இடத்தில் கல் புரண்டு கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. சாவையே ஒருவர் உள்ளிருந்து திறந்துகொண்டு வந்துவிட்டார் என்றால், எட்வர்டும் அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடப் போவதில்லை. அடக்கத்துக்குப் பிறகு ஜெபா வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பின் வந்த வருஷங்களை அந்த ஒரு காலையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினாள்.

அந்தக் காலையைத்தான் சபையின் புதிய கமிட்டி எடுத்துவிட்டது. செயலாளர் ராஜமாணிக்கம், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி வைத்திருப்பவர், ஆராதனை முடிவில் எழுந்து அறிவித்தார்.

“இருட்டுல, கொசுக்கடியில யாரு கல்லறைக்கு வராங்க? இந்த வருஷம் விடியல் ஆராதனைய ஹால்லயே வச்சிடலாம். ஸ்க்ரீன் போடறோம். பசங்களுக்கு, ஃபாரின் ஈஸ்டர் மாதிரியே, முட்டை தேடற விளையாட்டு, முயல் வேஷம் எல்லாம் உண்டு. மத்த சபையில எல்லாம் பண்றாங்கல்ல?”

ஜெபா பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் மகள் ஏஞ்சல் காலேஜ் முடித்தவள். வாலிபர் குழுவில் அந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் முன்னால் நின்றாள்.

ஈஸ்டர் அன்று ஹாலில் ஸ்க்ரீன் முழுக்க வண்ண முட்டைகள் துள்ளின. பிரசங்கம் சுருக்கமாக முடிந்தது. குலுக்கல் பரிசு நீண்டுகொண்டே போனது. ஜெபா பாதியில் எழுந்து, மல்லிப்பூ வாங்கிக்கொண்டு தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

கேட்டைத் தள்ளியவள் அப்படியே நின்றாள். சிலுவைகளில் பலூன்கள் ஆடின. பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. சர்ச் வளாகத்தில் வண்டி நிறுத்தவே இடமில்லை என்பதால், சபைக்கு இருந்த ஒரே திறந்த வெளியான கல்லறைத் தோட்டத்துக்கே பிள்ளைகளை முன்னதாகக் கூட்டிவந்து விளையாட்டை வைத்துவிட்டார்கள். எட்வர்டின் கல்லறைமேல் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் முட்டை இருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் கல்லின்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள். “ஆன்ட்டி, இத எடுத்துக்கவா?”

குழந்தையை என்ன சொல்வது? ஜெபாவே முட்டையை எடுத்து அவள் கூடையில் போட்டாள். அந்த நேரம் பார்த்து, குதித்துக் குதித்து முயல் வந்து அவள் தோளில் கை போட்டது.

“எட்றா கைய!”

பாட்டையும் மீறி எழுந்தது அந்தக் குரல். பிள்ளைகள் நின்றார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். முயல் தலையைக் கழற்றியது. உள்ளே வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றவன் ரகு, அவள் கம்பெனியிலேயே லோடு ஏற்றுபவன். லீவு நாளில் நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் இப்படிக் கூலி வேலைக்குப் போவான்.

“அக்கா, கோச்சுக்காத. இங்க வந்து குதிக்கச் சொன்னாங்க, குதிச்சேன். முயல் பண்டிகைன்னுதான் நெனச்சேன்.”

“முயல் பண்டிகையா?” ஜெபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “குத்தம் செய்யாத ஒருத்தர ஆணியடிச்சுக் கொன்னாங்கடா. கல்ல வச்சு மூடி, காவலும் போட்டாங்க. அவரு எழுந்து வந்தாரு. செத்தவங்களுக்கும் வழி உண்டுன்னு காட்ன நாளுடா இது! இவ்ளோ நேரமா இங்க குதிச்சுக்கினு கீறியே, ஒருத்தராவது அத உனக்குச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலக்கா,” என்ற ரகு, கல்லில் இருந்த பெயரைப் பார்த்தான். “இது யாரு?”

“எங்க ஊட்டுக்காரரு.”

“அவரும் எழுந்து வருவாரா?”

“வருவாரு,” என்றாள் ஜெபா, அதே ஆத்திரத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் ஏஞ்சல் வெடித்தாள். “எல்லார் எதிர்லயும் இன்னாத்துக்குமா அசிங்கப்படுத்தன?”

“எது அசிங்கம்? உங்கப்பன் தலைமாட்ல பலூன் கட்னியே, அது அசிங்கமாத் தெரியலயா?”

ஏஞ்சல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “அந்தப் பெட்டி நெனப்பு வந்து, எனக்கு அங்க போவவே பயம்மா. பலூன் கட்னா பயம் போயிடும்னு பாத்தேன். போவல.”

ஜெபா மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். மண்மேட்டின் முன்னால் அன்று தனக்கு என்ன ஆனது என்பதை அவள் மகளிடம் ஒருநாளும் சொன்னதே இல்லை. இப்போது சொன்னாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து பேசினாள். ராஜமாணிக்கம் மைக்கை அணைக்கச் சொன்னார். அவளுக்கு மைக் எதற்கு?

“பசங்களுக்கு முட்டை குடுங்க, கேக் குடுங்க, நான் வேணான்னு சொல்லல. ஆனா எதுக்குக் குடுக்கறோம்னு சொல்லிக் குடுங்க. செத்தவங்கள மிதிச்சுக்கினு கொண்டாடறதுக்குப் பேரு ஈஸ்டர் இல்ல!”

கமிட்டி பாதிதான் இறங்கி வந்தது. கல்லறையில் இனி விளையாட்டு கிடையாது. ஆனால் விடியல் ஆராதனை ஹாலில்தான், விருப்பமுள்ளவர்கள் தனியாகப் போய்க்கொள்ளலாம் என்றார்கள். அந்த ‘விருப்பமுள்ளவர்கள்’ என்ற வார்த்தை அவளை வருஷம் முழுக்க எரித்தது.

மறு ஈஸ்டருக்கு விருப்பமுள்ளவர்கள் கொஞ்சப் பேர் அவளோடு இருட்டில் போனார்கள். பெரும்பாலும் ஆலைகளில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள். இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களின் பகுதியை ஏஞ்சல்தான் வாசித்தாள். நடுவில் நிறுத்தி, அப்பாவின் கல்லைத் தொட்டாள். பிறகு வாசித்து முடித்தாள்.

திரும்பி வருகையில் ஹால் வாசலில் ராஜமாணிக்கம் சிரித்துக்கொண்டு கை நீட்டினார். “ஹேப்பி ஈஸ்டர் சிஸ்டர்.”

ஜெபா கையைக் கொடுக்காமல் அவர் வழியை மறித்து நின்றாள். “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்னு சொல்லுங்க.”

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்.

“கேக்கல.”

இன்னொரு தரம், உரக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஜெபா வழியை விட்டாள்.