பதவி வேண்டாம் என்ற பெண்கள்

கல்லூரியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வணிகவியல் நடத்தும் தற்காலிக ஆசிரியை. வகுப்பிலும் உட்கார மாட்டாள், வீட்டிலும் உட்கார மாட்டாள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யாதவர்களுக்கு அடுத்த ஆண்டு வகுப்பு கிடையாது என்று நிர்வாகம் சொன்னதும், இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று.

ஆராய்ச்சிக்குப் பொருள் தேடி அவள் எங்கும் அலையவில்லை. அம்மா பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். மேற்பார்வையாளர் பதவி வீடு தேடி வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார். அதையே தலைப்பாக்கினாள்: ‘பதவி வேண்டாம் என்ற பெண்கள்’.

பல்கலைக்கழகத்தில் வணிகத் துறையிலும் இடம் இருந்தது, சமூகவியலிலும் இருந்தது. கெட்டிக்காரி, இரண்டுக்கும் விண்ணப்பித்தாள். வணிகத்துக்கு எழுதியதில் இந்த மறுப்பு நிறுவனத்துக்கு இழப்பு. சமூகவியலுக்கு எழுதியதில் அதுவே பெண்ணின் துணிச்சல். அவளுடைய போதாத காலம், இந்த முறை இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே நேர்காணல் என்று வைத்துவிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு துறைப் பேராசிரியர்களும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு திட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் விரிந்து கிடந்தன.

“இழப்பா, துணிச்சலா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்கம்மா” என்று வணிகப் பேராசிரியர் சிரித்தார்.

சமூகவியல் பேராசிரியை சிரிக்கவில்லை. “அது கிடக்கட்டும். வேண்டாம்னு சொன்ன ஒருத்தர்கிட்டயாவது பேசினீங்களா?”

“எங்க அம்மாவே அப்படித்தான், மேடம்.”

“ஏன் வேண்டாம்னாங்களாம்?”

ஊரில் உள்ள புத்தகங்களையெல்லாம் புரட்டியவள் அம்மாவிடம் கேட்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

“திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றோம். கேட்டுட்டு ஒரே திட்டமா எழுதிட்டு வாங்க. இல்லைன்னா இந்த வருஷம் கஷ்டம்.”

பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக் கூடத்தில் அப்பா தொலைக்காட்சியில் மூழ்கியிருந்தார். உள்ளே அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“ஏம்மா, அந்த சூப்பர்வைசர் வேலைய ஏன் வேண்டாம்னு சொன்னே?”

“நான் எங்கடி சொன்னேன்?”

“அப்பா சொல்லுவாரே...”

“மேனேஜர் வந்தாரு. நான் டீ போட உள்ள போனேன். டீயோட வர்றதுக்குள்ள உங்க அப்பா பேசி முடிச்சிட்டாரு. அந்த மனுஷனும் குடிச்சிட்டு, ‘உங்க இஷ்டம்மா’ன்னு எழுந்து போயிட்டாரு.”

இழப்பும் போயிற்று, துணிச்சலும் போயிற்று. அப்பாவின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கேட்காத தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது. அறைக்குள் இரண்டு நடை நடந்துவிட்டுத் திரும்பினாள்.

“மேனேஜர் உன்கிட்டயே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

அம்மா மடித்த துணியை அடுக்கில் வைத்தாள். “அவர் வரப்போறாருன்னு கடையில பேச்சு அடிபட்டப்பவே, சூப்பர்வைசர்னா மூணு மாடியும் ஏறி இறங்கணுமேன்னு நல்ல செருப்பா ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன்.”

“நான் பாத்ததே இல்லையே!”

“பாக்காம என்ன? நீதானே அதப் போட்டுக்கிட்டு காலேஜுக்குப் போனே.”