திருத்தியவர் கையெழுத்து

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பட்டப்பெயர். பத்தொன்பது வருஷமாக ஸ்பானிஷ் காகிதங்களை ஆங்கிலத்தில் எழுதுகிறவள். அதைத் திருத்துகிற மேலாளருக்கோ ஸ்பானிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் தாளின் அடியில் அவள் கையெழுத்து மட்டும்தான் இருக்கும்.

அன்றைக்கு வந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் 'கான்ஸ்திபாதோ' என்று இருந்தது. ஜலதோஷம் என்று சரியாகத்தான் எழுதினாள். மேலாளர் அதைத் தன் சிவப்புப் பேனாவால் அடித்து 'கான்ஸ்டிபேஷன்' ஆக்கி அனுப்பிவிட்டார். மூக்கு ஒழுகிக்கொண்டு போன பெரியவருக்கு மலச்சிக்கல் என்று பேதி மருந்து கொடுத்துவிட்டார்கள்.

புகார் வந்ததும் மேலாளர் மன்னிப்புக் கடிதத்தை அவளிடம் நீட்டினார். "ரெண்டு வார்த்தையும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு? நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "என் பக்கத்து வீட்டுக்காரர் அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கார் சார். அதுக்காக உங்க சம்பளத்தை அவர் கையில குடுத்துடலாமா?"

கடிதத்தின் அடியில் 'திருத்தியவர் கையெழுத்து' என்று எழுதிக் கோடு போட்டு, அவர் பக்கமே தள்ளினாள். அலுவலகப் படிவங்கள் எல்லாவற்றிலும் அதே கோட்டைப் போட்டுவைத்தாள்.

அதற்கப்புறம் அந்தச் சிவப்புப் பேனாவின் மூடி திறக்கவே இல்லை.