அடைக்கலமேரி எடுத்துப்போன நன்மை

அடைக்கலமேரிக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது என்பது திருவண்ணாமலை மாதா கோயில் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வயது ஐம்பத்து மூன்று. அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். நூற்றிருபது பிள்ளைகளுக்கு முட்டையை எண்ணிப் போடுகிறவள் சாதுவாக இருந்தால் வேலை நடக்குமா?

ஆனால் கழுத்தில் அந்தச் சின்னச் சிமிழ் ஏறிவிட்டால் அவள் வேறு ஆள். உள்ளே இருப்பது நற்கருணை, பூசையில் கிறிஸ்துவின் உடலாக மாறும் கோதுமை அப்பம். பழைய ஆட்கள் நன்மை என்பார்கள். மாதா கோயிலுக்கு வரமுடியாத நோயாளிகளுக்கு அதை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும், பூசையில் வரிசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் சாமியார் அவளை நியமித்து இரண்டு வருடம் ஆகிறது. “நன்மை எடுத்துப் போறப்ப வழியில பேச்சு கிடையாது, கடை கிடையாது, போன் கிடையாது” என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். சாமியார்கூட அவ்வளவு கறாராகச் சொன்னதில்லை.

சட்டத்துக்குக் காரணம் புனித தார்சிசியுஸ். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அவர் கதையை வருடத்துக்கு நாலு முறையாவது சொல்லிவிடுவாள். உரோமையில் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில் நற்கருணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவர். வழிமறித்த கூட்டம் அடித்தே கொன்றபோதும் கையை விரிக்காதவர். பிறகு வந்த திருத்தந்தை தமாசுஸ் அவர் கல்லறைக்குக் கவிதை எழுதிவைத்தார். “போப்பாண்டவரே பாட்டு எழுதுறாருன்னா சும்மாவா?” என்பாள். வலது கையை நெஞ்சில் இறுக்கி, பல்லைக் கடித்து, கரும்பலகையில் சாய்ந்து செத்தும் காட்டுவாள். அந்தச் சாவு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்று பௌர்ணமி. சாயங்காலம் நாலு மணிக்கு அடி அண்ணாமலையிலிருந்து சகாயராணி போன் செய்தாள்.

“அக்கா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. நன்மை வேணும்னு கேக்குறாரு. சாமியாருக்கு போன் போட்டேன், வேலூர்ல இருக்காராம். உங்களைத்தான் கூப்புடச் சொன்னாரு.”

சகாயராணியின் அப்பா என்றால் கொத்தனார் பெலவேந்திரன். இரண்டு வருடத்துக்கு முன்பு, பூசையில் அவள் முதன்முதலாக நன்மை கொடுக்க நின்ற ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றவர் அவர். வாயைத் திறக்கவில்லை. “பொம்பள கையால நான் வாங்குறதில்ல” என்று சொல்லிவிட்டுச் சாமியார் வரிசைக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் அதே கூத்து. அவள் கோயிலில் அழவில்லை. வீட்டுக்குப் போய் அரிசி களையும்போது அழுதாள்.

“நான் வர்றேன்னு அவருக்குத் தெரியுமா?”

சகாயராணி குரலைத் தாழ்த்தினாள். “தெரியாதுக்கா. நீங்க வந்துடுங்க.”

சாமியார் போன வாரமே பாவசங்கீர்த்தனம் கேட்டு, பாவமன்னிப்பு கொடுத்து, நோயாளிக்குப் பூசுகிற எண்ணெயும் பூசிவிட்டார். பாக்கி இருந்தது கடைசி நன்மை ஒன்றுதான். அடைக்கலம் கோயிலுக்குப் போய் நன்மையைச் சிமிழில் எடுத்து, கழுத்தில் மாட்டி, ரவிக்கைக்குள் விட்டு, போனை அணைத்தாள்.

காஞ்சி சாலையில் தடுப்பு போட்டிருந்த இடத்தோடு ஆட்டோ நின்றுவிட்டது. அங்கிருந்து அடி அண்ணாமலைக்கு நடைதான். அதிலும் கிரிவலம் வருகிறவர்கள் அத்தனை பேரும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கான காலுக்கு எதிரே இரண்டு கால். ஓரம் ஒதுங்கினால் கடை, நடுவே போனால் நெரிசல். யாரோ இடித்ததில் ஒரு செருப்பு போயிற்று. சிமிழ் எங்கே நசுங்கிவிடுமோ என்று வலது கையை நெஞ்சில் இறுக்கிக்கொண்டாள். வியர்வை கண்ணில் இறங்கியது. இந்நேரம் அவர் மூச்சு நின்றிருந்தால்? நிற்காமல் இருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டால்? எது பெரிய பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஏம்மா, நெஞ்சு வலிக்குதா?”

கேட்டவள் கிரிவலம் வந்த கீழ்பென்னாத்தூர்க்காரி, கஸ்தூரி. அடைக்கலம் இல்லையென்று தலையாட்டினாள். உதட்டை மட்டும் திறக்கவில்லை.

“ஐயய்யோ, பேச்சு வரல பாரு! புடிங்கப்பா, புடிங்க!”

நாலு கைகள் தாங்கின. அவள் திமிறினாள், சிமிழை இன்னும் இறுக்கினாள். இறுக்க இறுக்க, பார்த்தவர்களுக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. பெண் காவலர் அருணாதேவி விசில் ஊதிக்கொண்டு வந்தார். ஓரத்தில் தயாராக நின்ற ஆம்புலன்சில் அவளைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். வண்டியின் முகம் டவுன் பக்கம் இருந்தது.

“கையை எடுங்கம்மா, செக் பண்ணணும்” என்று ஆம்புலன்ஸ்காரர் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள். தார்சிசியுசே, கையை விரிக்கமாட்டேன் என்று மனசுக்குள் அலறினாள். வண்டி உறுமிக் கிளம்பியது.

அப்போதுதான் உறைத்தது. தார்சிசியுஸ் வாய் திறக்காமல் செத்தார், சரி. இங்கே சாகப்போவது நான் இல்லையே!

“நிறுத்துங்க! எனக்கு ஒண்ணுமில்ல!” சட்டம், சங்கற்பம் எல்லாம் காற்றில் போயிற்று. “நான் வேதக்காரி, மாதா கோயில் ஆளு. அடி அண்ணாமலையில ஒருத்தரு சாகக் கெடக்குறாரு. எங்க சாமியை எடுத்துட்டுப் போறேன். அவரு கண்ணு மூடுறதுக்குள்ள நான் போவணும்.”

வண்டி நின்றது.

“இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?” என்றார் அருணாதேவி.

“வழியில பேசக்கூடாதுங்க.”

“நல்ல ஆளும்மா நீ!” காவலர் அவளை இறக்கிவிட்டு முன்னால் நடந்தார். “சாமி போவுது, வழி விடுங்க! வழி விடுங்க!”

கூட்டம் விலகியது. எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. சிலர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்கள். கூட்டம் என்றாலே அடிக்கிற கூட்டம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அடைத்துப்போய், அழுதுகொண்டே ஓடினாள். பின்னால் கஸ்தூரி அவளுடைய தொலைந்துபோன செருப்பை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

பெலவேந்திரன் கட்டிலில் கண் திறந்து கிடந்தார். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. வாசலில் நிழல் விழுந்ததும் சாமியாரைத் தேடிய கண், அவள்மேல் வந்து நின்றது. உதடுகள் மூடிக்கொண்டன. அதே வாய், அதே மூடல்.

அடைக்கலம் முட்டி போட்டாள். நற்கருணையில் ஒரு சின்னத் துண்டைப் பிட்டாள்.

“நான்தாண்ணே வந்திருக்கேன். வேற யாரும் இல்ல” என்றாள். பிறகு அதை உயர்த்திப் பிடித்தாள். “கிறிஸ்துவின் திருவுடல்.”

சகாயராணி விசும்புவது மட்டும் கேட்டது. அடைக்கலம் கையை இறக்கவில்லை. தோள் கடுத்தது.

சிமெண்டு தின்ற அந்தக் கை போர்வையிலிருந்து மெல்ல வெளியே வந்தது. தள்ளிவிடப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அது அவள் மணிக்கட்டைப் பிடித்து, தன் வாய்க்கு இழுத்தது.

“ஆமென்” என்றார் பெலவேந்திரன்.

சகாயராணி ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். இறங்கியது. வாசலில் அருணாதேவி பூட்சைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் மூச்சு நின்றது. அதுவரை அவர் அவள் மணிக்கட்டை விடவில்லை. நின்ற பிறகும் விடவில்லை. சகாயராணிதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.